ஒரு யூனிட் தாங்குமா?

"போன வாரம் ஒரு யூனிட் ஏத்துனோம்ணே, தாங்குச்சே!" தாம்பரம் முடிச்சூர் சாலைப் பட்டறைகளில் பழைய டிராக்டர் டிரெய்லரின் வலுவைக் கேட்டால் இந்தப் பதில்தான் முதலில் வரும். இரும்பின் விஷயத்தில் இதை நம்பவே கூடாது.

யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எடையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. உலர்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ. ஆக, ஒரு யூனிட் ஏறக்குறைய 4.5 டன். வழியில் மழை பிடித்தால் பெட்டியில் மட்டம் மாறாமலே எடை கூடும்.

கணக்கை எடை மேடையில், வெறும் வண்டியோடு தொடங்க வேண்டும். ஆர்.சி.யில் வெறும் எடை 1.5 டன், சரக்கோடு 5.5 டன் என்று வைத்துக்கொள்வோம். 4 டன் ஏற்றலாம் போலிருக்கும். ஆனால் அடித்தகடு ஓட்டையாகும்போதெல்லாம் புதுத் தகடும் ஆங்கிளும் வைத்து வெல்டிங் அடித்ததில் வண்டியே 1.8 டன் ஆகியிருந்தால், மிச்சம் 3.7தான். டயரின் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியீடு 120 என்றால் டயருக்கு 1,400 கிலோ, நான்குக்கும் 5,600. டயர் பிழைத்தது.

அச்சு பிழைக்குமா? சக்கரத்தை ஒட்டிய இடத்தில் அழுக்கைச் சுரண்டிவிட்டு அளந்து பாருங்கள். 60 மில்லிமீட்டர் சதுர அச்சு துருவேறி 54 ஆகியிருந்தால், குறைந்தது பத்தில் ஒரு பங்கு என்றுதான் தோன்றும். ஆனால் வளையாமல் தாங்கும் வலு பக்க அளவின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 0.9 × 0.9 × 0.9 = 0.729. போனது 27 சதவீதம்! 5.5 டன்னுக்கென்றே செய்த அச்சுகள் 4 டன்னுக்கு இறங்கிவிட்டன. வண்டியின் எடை போக 2.2 டன், அரை யூனிட் மணலுக்கே சற்றுக் குறைவு.

பிறகு எப்படிப் போன வாரம் தாங்கியது? 1842-இல் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த அச்சுதான். பின்னாளில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் சோதித்துக் காட்டினார்: ஒருமுறை ஏற்றினால் முறிக்காத சுமை, லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் முறித்துவிடும். நம் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் அந்தக் கணக்கில் சேர்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் பின்னால் குழந்தையோடு பைக்கில் வருபவருக்கு இது தெரியாது. ஏற்றுகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

விரிசலைப் பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. அச்சைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பூசுங்கள். உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் தலைமுடி அளவுக்குக் கருங்கோடு எழுந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. அந்த அச்சைக் கழற்றிவிட வேண்டும்.