முன்னுக்கு நிற்பவர்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி வழியாக நமுனுகுல மலையை நோக்கிச் செல்வோர், அதன் சரிவுகளில் அடுக்கடுக்காக விரிந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களைக் காண்பர். கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீற்றரைக் கடந்து உயர்ந்து நிற்கும் மலை அது. ஒன்பது சிகரங்கள் என்பது அதன் சிங்களப் பெயரின் பொருள். இத்தோட்டங்களில் எந்த லயத்துக்குச் சென்று விசாரித்தாலும், 'முன்னுக்கு நிற்கிறவர்' என்று சுட்டிக் காட்டத்தக்க ஒருவர் இருப்பார். சாவு வீடு என்றால் முதலில் வந்து நிற்பவர் அவர். தப்படிப்போருக்குச் சொல்லியனுப்புதல், பதுளைக் கடைத்தெருவிலிருந்து பெட்டி கொண்டுவருதல், குழி வெட்ட ஆள் சேர்த்தல், அழுது களைத்த வீட்டாருக்குத் தேநீர் கொடுக்கச் செய்தல் யாவும் அவர் குரலாலேயே நடைபெறும். பிரட்டுக் களத்தில் ஒரு குறையை எடுத்துச் சொல்ல வேண்டுமானால் எல்லோர் கண்களும் அவரைத் தேடும். திருவிழாவில் கைகலப்பு மூண்டாலும் அதன் நடுவில் அவரையே பெரும்பாலும் காணலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மை.

'துடியான ஆள்' என்று நம் மக்கள் இவரை ஒரே சொல்லில் மெச்சுவர். 'வாய்க்காரன்' என்று ஒரே சொல்லில் இகழவும் செய்வர். இவ்விரு சொற்களுக்கும் இடையில் உள்ள மனிதரை உள்ளவாறு அறிவது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள்.

மனிதரின் இயல்புகளை வகைப்படுத்தும் ஆசை மிகப் பழையது. ஆயினும் இன்று உலகெங்கும் வழங்கும் புறமுகி, அகமுகி என்ற பாகுபாட்டைப் பரவச் செய்தவர் சுவிற்சர்லாந்து நாட்டு உளமருத்துவர் காள் குஸ்தாவ் யுங் ஆவார். 1921 இல் வெளிவந்த உளவியல் வகைகள் பற்றிய நூலில் அவர் இதனை விரித்துரைத்தார். புறமுகி என்றால் ஓயாது பேசுபவர் என்பது அவர் கருத்தன்று. உள்ளத்தின் ஆற்றல் எப்பக்கம் பாய்கிறது என்பதே அவர் கேட்ட கேள்வி. வெளியுலகில் உள்ள மனிதரையும் பொருள்களையும் நிகழ்ச்சிகளையும் நோக்கி அது பாயுமானால் அவர் புறமுகி. தன் எண்ணங்களையும் உள்ளுணர்வுகளையும் நோக்கித் திரும்புமானால் அகமுகி. எவரிடத்தும் இரண்டும் உள. ஒன்று மேலோங்கி நிற்கும் என்றே யுங் கொண்டார்.

அவருக்குப் பின் இவ்வியல்புக்கு உடலிலேயே காரணம் தேடியவர் ஐசென்க். 1916 இல் பெர்லினில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இவர், ஆளுமையின் உயிரியல் அடிப்படை பற்றிய நூலை 1967 இல் வெளியிட்டார். அகமுகியின் மூளை இயல்பாகவே விழிப்பு மிகுந்தது. ஆகவே சிறிய ஆரவாரமும் அவருக்குப் பாரமாகிறது. புறமுகியின் மூளையோ தூண்டுதலை வேண்டி நிற்பது; ஆகவே அவர் சந்தடியைத் தேடிச் செல்கிறார் என்பது அவரது கொள்கை. இதனைச் சோதிக்க எலுமிச்சைச் சாற்றை நாவில் துளித்து, ஊறும் உமிழ்நீரை நிறுத்துப் பார்த்தனர். அகமுகிகளுக்கே கூடுதலாக ஊறியதாகக் கண்டனர். வேடிக்கையான சோதனைதான். பிற்கால ஆய்வுகள் ஐசென்கின் விளக்கத்தை முழுமையாக ஏற்கவில்லை. பாராட்டு, பலன், புதுமை ஆகியவற்றின் வாடை பட்டவுடன் கிளர்ந்தெழும் தன்மையே புறமுகியை முன்னே தள்ளுகிறது என்ற கருத்து இப்போது வலுப்பெற்றிருக்கிறது. ஆளுமையில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி எனச் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. எஞ்சியது வாழ்க்கை வனைந்து தருவது.

இனி, இப்பாகுபாட்டைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. மனிதரைப் பதினாறு வகையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் நான்கு எழுத்துக்களால் முத்திரை குத்தும் வினாத்தாள்கள் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியிருக்கின்றன. அவற்றுள் ஒரு முத்திரை, பழகுதற்கு இனியவராயும் உடனுக்குடன் செயலில் இறங்குபவராயும் உள்ளவருக்கு உரியது. விளையாட்டாகப் பார்ப்பதில் தீங்கில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து அதே வினாத்தாளை நிரப்புவோரில் கணிசமானோர் வேறொரு வகைக்குள் விழுந்துவிடுகின்றனர். காரணம் எளிது. மனிதரின் உயரத்தைப் போலவே புறமுகத் தன்மையும் படிப்படியாக அமைந்தது. மிக நெட்டையரும் மிகக் குட்டையரும் சிலர், நடுத்தரமானவரே பலர். நடுவில் ஒரு கோட்டைக் கிழித்து இப்புறத்தார் ஒரு சாதி, அப்புறத்தார் மறு சாதி என்பது பொருந்தாது. ஒரே மனிதர்கூட ஒரு நாளில் ஒரே மாதிரியாக இருப்பதில்லை. காலையில் மலையில் வாய் திறவாது கொழுந்து பறிப்பவள் மாலையில் பீலிக்கரையில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறாள்.

இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. வெளிப்படையாகப் பழகுவது வேறு. செயலில் இறங்குவது வேறு. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படும்போது நம் கண்ணைக் கவர்வதால், இரண்டும் ஒன்றே என மயங்குகிறோம். ஜெர்மானிய உளவியலாளர் ஜூலியஸ் கூல் 1980களில் இதனைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். ஒரு தோல்வியோ இடர்ப்பாடோ நேர்ந்தபின், அதனையே நினைந்து நினைந்து உழன்று, அடுத்து என்ன செய்வதென்று அறியாது நின்றுவிடுவோர் ஒருசாரார். நேர்ந்ததை ஒதுக்கிவிட்டு அடுத்த அடியை எடுத்து வைப்போர் மற்றொரு சாரார். பின்னவரையே அவர் செயல்நோக்கு உடையவர் என்றார். இவ்வளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு லயத்தைச் சுற்றிப் பார்த்தால் காட்சி மாறிவிடும். கோயில் திண்ணையில் அமர்ந்து ஊரையே கலகலக்கச் செய்பவர், ஒரு விண்ணப்பம் திருப்பியனுப்பப்பட்டால் மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருப்பார். அடுத்த காம்பிராவில் உள்ள பெண்ணோ, எவரிடமும் சொல்லாமல், மறுநாளே பதுளைக் கச்சேரிக்குப் பஸ் ஏறியிருப்பாள்.

மாசி மாதத்துக் காமன் கூத்தை எண்ணிப் பாருங்கள். வீடு வீடாகச் சென்று காசு சேர்ப்பவரும், இளைஞரை அதட்டி ஒத்திகைக்கு இழுத்து வருபவரும் புறமுகிகள். அவர்கள் இல்லையேல் கூத்து இல்லை. ஆனால் ரதியும் மதனும் பாட வேண்டிய பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்து, இரவு முழுவதும் ஒரு வரி பிசகாமல் எடுத்துக் கொடுக்கும் வாத்தியார், பகலில் பேச்சு அதிகமில்லாத மனிதராக இருக்கக் கூடும். அவர் இல்லாவிட்டாலும் கூத்து இல்லை. கைதட்டு மட்டும் இருவருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

மலையக வரலாற்றில் இவ்வியல்பின் முழு உருவத்தைக் காண விரும்புவோர் கோ. நடேசய்யரை நோக்கலாம். தஞ்சாவூரிலிருந்து வந்த இவர், வெளியார் எளிதில் நுழைய முடியாதிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பர். பார்த்ததும் பொறுக்காமல் செயலில் இறங்கும் மனிதர். 1920களில் சட்டநிரூபண சபையில் இடம்பெற்றார். 1931 இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். 1936 இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947 இல் காலமானார். ஆனால் மேடையில் முழங்கிய அதே மனிதர்தான் 'தேசபக்தன்' பத்திரிகைக்காக மேசையருகே தனித்திருந்து எழுதியவரும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கூட்டத்தின் நடுவில் மட்டுமே உயிர்க்கும் ஒருவரால் பத்திரிகை நடத்த இயலாது.

அவர் துணைவியார் மீனாட்சியம்மையாரோ கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆணிடத்தில் 'துடி' என்று பாராட்டப்படும் குணம் பெண்ணிடத்தில் 'வாயாடித்தனம்' எனப் பெயர் மாறிவிடுகிறது. மலையில் கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களாக முன்னே நிற்போரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இது குணத்தின் கணக்கன்று, பழக்கத்தின் கணக்கு.

தலைவரைத் தெரிவதில் நாம் செய்யும் பிழையும் இத்தகையதே. உரத்துப் பேசுபவரே தலைமைக்கு உரியவர் என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். 2011 இல் அமெரிக்க ஆய்வாளர் அடம் கிரான்ட் தம் தோழருடன் உணவுக் கடைகளில் நடத்திய ஓர் ஆய்வு இங்குச் சிந்திக்கத்தக்கது. ஊழியர்கள் சொன்னதைச் செய்வோராக மட்டும் இருந்த கடைகளில் புறமுகித் தலைவர்கள் நல்ல பலன் கண்டனர். ஊழியர்கள் தாமே முன்வந்து யோசனை கூறுவோராக இருந்த கடைகளிலோ நிலைமை தலைகீழாயிற்று. அமைதியாகக் கேட்கும் தலைவரே அங்குச் சிறந்தார். பிறர் யோசனையைக் கேட்க ஆரவாரமான தலைவருக்குப் பொறுமை போதவில்லை. ஊவாவின் வரலாற்றிலும் இதற்கு ஒத்த ஒரு நினைவு உண்டு. 1940 இல் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்குள்ளே ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து அதன் வாயிலாகப் பேசினர். ஒருவர் குரலுக்குப் பதிலாகப் பலர் மதி.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகையை 47 ஆம் அதிகாரமாக வைத்து, ஊக்கமுடைமையையும் ஆள்வினையுடைமையையும் 60, 62 ஆம் அதிகாரங்களாக வைத்திருப்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். இவ்விரண்டுக்கும் நடுவே, ஒவ்வொருவரின் இயல்பையும் ஆராய்ந்து அவரவர்க்குரிய பணியை ஒப்படைப்பதற்கென்றே தெரிந்து வினையாடல் என ஒரு தனி அதிகாரம் இருக்கிறது. உளவியலாளரின் வினாத்தாளைக் காட்டிலும் இவ்வைப்புமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

பாடசாலைக்கு வருவோம். கேள்வி கேட்டவுடன் கை உயர்த்தும் பிள்ளையை ஆசிரியர் உடனே அறிந்துகொள்கிறார். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பின்வரிசையில் விடையை எழுதி வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கும் பிள்ளை அறியப்படாமலே ஐந்தாண்டுகள் கழிந்துவிடக்கூடும். மறுபுறம், ஓரிடத்தில் இருக்கமாட்டாத துடுக்கான சிறுவன் அடி வாங்குகிறான். ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அதே சிறுவன் அதைச் செவ்வையாக முடித்துவிட்டு அடுத்த வேலையைக் கேட்பான். புறமுகிப் பிள்ளைக்குத் தேவை அடக்குமுறையன்று, வேலை. அகமுகிப் பிள்ளைக்குத் தேவை மேடைக்குத் தள்ளுவதன்று, அவகாசம். அகமுகிகளும் சிறிது நேரம் புறமுகிகளைப்போல் கலந்து பழகினால் மகிழ்ச்சி கூடுவதாக அமெரிக்க ஆய்வொன்று 2002 இல் கண்டது உண்மையே; ஆனால் சிறிது நேரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

உயிருக்கே கேடு நேரக்கூடிய ஓரிடத்தில் இக்குணங்கள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பதுளை மாவட்டம் மண்சரிவுக்குப் பெயர்போனது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. எச்சரிக்கை ஏன் பலிக்கவில்லை என்று கேட்டு, மக்களுக்குச் செயலூக்கம் இல்லை என்று குற்றஞ்சாட்டுவோர் உண்டு. இது அநியாயமான பேச்சு. குடியிருக்கும் காம்பிராவும் அதன் கீழுள்ள மண்ணும் தமக்குச் சொந்தமில்லாதவர், மாற்று நிலம் காட்டப்படாதவர், எங்கே எழுந்து செல்வார்? காணி உறுதி இல்லாத குறையை எந்தக் குணமும் ஈடுசெய்யாது.

அதைச் சொன்னபின், சரிவு நேரும் அந்த ஓரிரு நாள்களைப் பற்றிப் பேசலாம். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாயத் தொடங்கும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியன முன்னறிகுறிகள். இவற்றை முதலில் காண்பவர் பெரும்பாலும் முன்னுக்கு நிற்பவர் அல்லர். பீலியில் குடத்தை வைத்துவிட்டு, நீர் நிறம் மாறியிருப்பதைப் பேசாமல் பார்த்து நிற்கும் பெண்ணே காண்கிறாள். 'நம் சொல்லை யார் கேட்பார்' என்று அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் அச்செய்தி அங்கேயே முடிந்துவிடும். நள்ளிரவில் இருபது கதவுகளைத் தட்டி, தூக்கம் கலையாத கிழவரைத் தோளில் தூக்கி, 'மாட்டை விட்டு எப்படி வருவேன்' என்பவரை அதட்டிப் பாடசாலைக் கட்டடத்துக்குக் கொண்டு சேர்ப்பது துடியானவரால் ஆகும் காரியம். ஆனால் அவருக்கு ஊற்றின் நிறம் தெரியாது. பொய்யான கலவரத்துக்கும் அவரே முதல் ஆளாகிவிடக் கூடும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது; சிவப்பென்றால் வெளியேற வேண்டும். மழை தொடங்கும் முன்பே, எவர் ஊற்றைப் பார்ப்பது, எவரிடம் சொல்வது, எவர் கதவைத் தட்டுவது என்று ஒவ்வொரு லயத்திலும் பேசி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சில் முதலில் கேட்கப்பட வேண்டியவர் பீலிக்கரைப் பெண்.