உங்களுக்குத் தெரியுமா?
செயலியில் செலுத்தும் பணமெல்லாம் கம்பனியின் வருமானம் ஆகாது

2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளுடன் ஆப்பிள் திறந்த ஆப் ஸ்டோர், விற்பனைத் தொகையில் 30 சதவீதத்தைத் தரகாக எடுத்துக்கொண்டு எஞ்சியதைச் செயலியை உருவாக்கியவருக்கு வழங்கும் முறையைப் பரவலாக்கியது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டாத சிறு நிறுவனங்களுக்கு 2021 முதல் இத்தரகு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

2015இல் தொடங்கப்பட்டு, 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பிக்மீ போன்ற வாடகை வாகனச் செயலிகளிலும், பயணி செலுத்தும் கட்டணத்தின் பெரும்பகுதி சாரதிக்கே சேர்கிறது. இரத்தினபுரி மாணிக்கச் சந்தையில் கல்லின் விலை வேறு, தரகரின் பங்கு வேறு என்பதைப் போலவே, செயலியூடாகப் புரளும் மொத்தத் தொகையும் கம்பனியின் வருமானமும் வெவ்வேறானவை.

அவ்வருமானத்திலிருந்து ஊழியர் சம்பளம், விளம்பரம், கணினிச் சேவையகம், வரி முதலியன கழிந்து எஞ்சுவதே தேறிய இலாபம் ஆகும். ஆயினும், இலாபம் கணக்கில் தெரிந்தாலும் கடனை அடைக்கக் கையில் காசு இல்லாமற்போகலாம் என்பதால், உண்மையில் உள்வந்து வெளிச்சென்ற பணத்தைக் காட்டும் காசுப்பாய்ச்சற் கூற்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி ஒரு கம்பனியின் நிதி நலம் விளங்காது.

பட்டியலிடப்பட்ட கம்பனிகள் தம் காலாண்டுக் கணக்குகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டியிருப்பதால், சப்ரகமுவத் தோட்டப்புற இளைஞரும் பங்கு வாங்குமுன் அவற்றை இணையத்தில் இலவசமாகப் படித்தறியலாம்.