எச்4 விசாவில் வேலை அனுமதி: சீக்கிரம் கிடைக்க வழி உண்டா?



சென்ற மாதம் ஒரு தாயார் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மருமகன் அமெரிக்காவில் எச்1பி விசாவில் பணிபுரிகிறார். மகள் அவரைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கிறார். மகளுக்கு ஒரு கம்பெனியில் வேலை தயார். வேலை அனுமதி அட்டை வராததால் சேர முடியவில்லை. "எழுபதாயிரம் கட்டுங்கள், பதினைந்து நாளில் வாங்கித் தருகிறேன்" என்று ஓர் ஏஜெண்ட் சொன்னாராம். கட்டலாமா என்று நம்மிடம் கேட்டார். வேண்டாம் என்றோம். இதே நிலையில் நம் ஊர்ப் பிள்ளைகள் வேறு சிலரும் இருப்பதால் விவரமாக எழுதுகிறோம்.

எச்4 விசாவில் உள்ள எல்லோரும் வேலை பார்த்துவிட முடியாது. 2015 மே 26 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, கணவருக்கு கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஆறு வருட வரம்பைத் தாண்டி அவருடைய எச்1பி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகே மனைவி ஐ-765 படிவத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஏஜெண்ட் சொன்ன பதினைந்து நாள் கணக்கு முழுப் பொய்யும் அல்ல; ஏமாறுவது அங்கேதான். கூடுதல் கட்டணம் செலுத்தினால் கணவரின் எச்1பி மனுவை 15 வேலை நாட்களில் பரிசீலிக்கும் 'பிரீமியம்' வசதி உண்டு. மனைவியின் வேலை அனுமதிக்கு அந்த வசதி கிடையாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடையாது.

இருக்கும் வழி ஒன்றுதான். விண்ணப்பித்து ரசீது எண் வந்த பிறகு, அவசரமாகப் பரிசீலிக்குமாறு அங்குள்ள குடியேற்றத் துறையிடம் கோரலாம். இதற்குக் கட்டணம் இல்லை. தனி நபருக்கோ கம்பெனிக்கோ கடும் பணநஷ்டம், நோய் அல்லது மரணம் போன்ற மனிதாபிமான அவசரம், துறையே செய்த தெளிவான பிழை ஆகியவை ஏற்கப்படக்கூடிய காரணங்களில் சில. ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. மறுத்தால் அப்பீல் இல்லை. "வேலைக்குப் போக வேண்டும்" என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. கையில் உள்ள வேலை பறிபோகும் என்றால், அதை கம்பெனியின் கடிதத்தோடு காட்ட வேண்டும். தாமதமாக விண்ணப்பித்தது நம் தவறாக இருந்தால் நஷ்டக் காரணம் எடுபடாது.

பலர் கவனிக்காத ஒன்று: எச்4 விசா நீட்டிப்புக்கான ஐ-539 மனுவும் நிலுவையில் இருந்தால், அது முடியாமல் வேலை அட்டை வராது. ஆகவே இரண்டு ரசீது எண்களுக்கும் கோரிக்கை வைக்க வேண்டும்.

இனி நம் பக்கத்துத் தவறு ஒன்று. முன்பு ஒரு குடும்பத்துக்காக நிக்காஹ் தஃப்தர் நகலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். முழுமையான, சரியான மொழிபெயர்ப்பு என்றும், தமக்கு இரு மொழியும் தெரியும் என்றும் மொழிபெயர்த்தவர் கையொப்பமிட்டுத் தரும் சான்று அதில் இல்லை. கூடுதல் ஆவணம் கேட்டு கடிதம் வந்து, பல வாரம் வீணாயிற்று. தமிழில் உள்ள மருத்துவச் சீட்டுக்கும் இதே விதிதான். ஜமாஅத் தஃப்தரோடு சார்பதிவாளர் அலுவலகத் திருமணப் பதிவுச் சான்றும் இருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள் காலாவதியாக 180 நாட்கள் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முன்பு, புதுப்பிப்பு நிலுவையில் இருந்தால் பழைய அட்டை தானாகவே 540 நாட்கள் வரை நீடிக்கும். 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பழைய அட்டையின் தேதி முடிந்தால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். "நாலு நாள்தானே" என்று தொடர்ந்தால் பின்னாளில் கிரீன் கார்டுக்கே சிக்கல் வரலாம். பாஸ்போர்ட் காலாவதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் தங்கும் அனுமதியை அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவதுண்டு.

அந்தத் தாயார் ஏஜெண்டுக்குப் பணம் கட்டவில்லை. தகப்பனாருக்கு இதய நோய் என்று ஒரு கடிதம் கிடைக்குமா என்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் நலமாக, நேற்றுகூட ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் நின்றார் என்பது ஊருக்கே தெரியும். முடியாது என்று சொல்லி, கம்பெனியிடம் கடிதம் வாங்கச் சொன்னோம். அது வந்து, இரண்டு மனுக்களுக்கும் கோரிக்கை போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. மாதக் கடைசி வரை காத்திருப்பதாக கம்பெனி சொல்லியிருக்கிறது.

தஃப்தர் நகலும் சான்றுடன் கூடிய மொழிபெயர்ப்பும் தேவைப்படுவோர் ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகம் வரவும். கட்டணம் இல்லை.