கோப்பையும் மணிக்கூடும்

யாழ்ப்பாணம் நகரத்தில் வாங்கிய குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுக்கு வந்து சேர அதிக நேரம் எடுக்காது. அதற்குள் பெட்டி நனைந்திருக்கும். வீட்டில் முதல் விருந்தாகக் கிடைப்பது பால்தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். இரவு வயிற்றால் போகும். விடிய எழும்பிப் பார்த்தால் விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. பேச்சு வாங்குவதோ குட்டி.

எங்கள் ஊர் நாய்களுக்கு யாரும் மலசலம் கழிக்கப் பழக்கியதில்லை. வேலிக்கண்டுக்குள்ளால் நுழைந்து பின்வளவுக்குப் போய், தன் அலுவலை முடித்துக்கொண்டு வந்துவிடும். மிஞ்சிய சோறும் மீன்தலையும் போட்டால் போதும், வளர்ந்துவிடும். இப்போது வீடுகளுக்குள் வருவது வேறு நாய். பொமேரியன், ஷிட்சூ, டாஷண்ட் போன்ற சின்னச் சாதிகள். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, வயதான தாய் தகப்பனுக்குத் துணையாக வாங்கிக் கொடுக்கப்படும் குட்டிகளும் இவற்றில் உண்டு. இவை கட்டிலுக்குக் கீழே படுப்பவை, குசினிக்குள் காலைச் சுற்றுபவை. ஊர் நாயை வளர்த்த பழக்கத்திலேயே இவற்றையும் வளர்க்கப் போய்த்தான் வில்லங்கம் தொடங்குகிறது. சாப்பாட்டுக்கு நேரம் வைத்தால் மலசலத்துக்கும் நேரம் அமையும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதன் முக்கால்வாசி அதுதான்.

ஒரு கிலோ உடம்பின் கணக்கு

இரண்டு மாதப் பொமேரியன் குட்டி ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். அந்த வயதில் அதற்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 210 கலோரி வேண்டும். ஒரு மாரி பிஸ்கட்டில் 25 கலோரி அளவில் இருக்கிறது. வீட்டில் நாலு பேர் ஆளுக்கு ஒன்றாகப் 'பாவம்' என்று கொடுத்தால், அன்றைய சாப்பாட்டில் பாதி பிஸ்கட்டாகவே போய்விடும். தசைக்கும் எலும்புக்கும் வேண்டியது எதுவும் அதில் இல்லை. பிறகு கோப்பையில் வைத்ததை அது மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், 'இதுக்குச் சாப்பாடு பிடிக்குதில்லை' என்று இன்னொரு பிஸ்கட்.

வயிறு சின்னது என்பதால் ஒரே தடவையில் நிறையச் சாப்பிடவும் முடியாது, நீண்ட நேரம் பசி தாங்கவும் முடியாது. ஈரலில் சேமித்து வைக்கும் சர்க்கரை மிகக் குறைவு. ஆறேழு மணி நேரம் வயிறு காய்ந்தாலே சில குட்டிகளுக்கு இரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும். தள்ளாடும், நடுங்கும், துணிபோலத் துவண்டு கிடக்கும், சிலவேளை வலிப்பும் வரும். 'நல்லா நித்திரை கொள்ளுது' என்று விட்டுவிட்ட குட்டிகள் இறந்தும் போகின்றன. அப்படிக் கண்டால் தேனையோ சீனிக் கரைசலையோ விரலில் தொட்டு முரசில் தடவுங்கள். பனங்கட்டி கரைத்தாலும் சரிதான். நினைவில்லாத குட்டியின் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். துணியால் சுற்றிச் சூட்டோடு வைத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

ஆகவே மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை. காலை 6, முற்பகல் 11, மாலை 4, இரவு 9 என்று வைத்துக்கொண்டால் வீட்டு வேலைகளோடு ஒத்துப்போகும். மிகச் சிறிய குட்டியை இரவில் வெளியே கொண்டு போக எழுப்பும்போது ஒரு தேக்கரண்டி சாப்பாடு கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குப் பிறகு மூன்று வேளை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும், மிகச் சின்ன உடம்புக்காரருக்கு மூன்றாகவே இருக்கட்டும்.

கோப்பையை வைத்தால் கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், மிச்சம் இருந்தாலும். நாள் முழுக்கக் கோப்பை நிரம்பிக் கிடந்தால் அது எப்போது சாப்பிட்டது, எப்போது கழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரவில் அந்தக் கோப்பைக்கு எலியும் வரும். எலியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதைக் கொடுப்பது? குட்டி முன்பு இருந்த வீட்டில் என்ன தின்றதோ அதையே முதல் சில நாட்களுக்குக் கொடுங்கள். மாற்றுவதானால் ஒரு கிழமை எடுத்து, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுங்கள். கடை உணவு என்றால் குட்டிகளுக்கானது என்று பொதியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பெரிய சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுப்பது மலிவுதான். ஆனால் நம்முடைய வெக்கையில் திறந்து கிடக்கும் கொழுப்பு சிக்கு மணக்கத் தொடங்கிவிடும். வீட்டுச் சாப்பாடு என்றால் முள் எடுத்த அவித்த மீன், கோழியிறைச்சி, முட்டை இவற்றோடு கொஞ்சம் குழைந்த சோறும் பூசணியும். உப்பு, தூள், புளி எதுவும் வேண்டாம். சோற்றிலும் இறைச்சியிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால், இவற்றை மட்டும் தின்று வளரும் குட்டியின் கால் எலும்பு வளையலாம். எவ்வளவு கல்சியம் சேர்ப்பது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். நாமாக அள்ளிப் போட்டால் அதுவும் கெடுதி.

பசுப்பாலும் பால்மாவும் வேண்டாம். தாய் நாயின் பாலைவிடப் பசுப்பாலில் பாற்சர்க்கரை கூடுதல், அதுதான் வயிற்றால் போகிறது. குடிக்க எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். தீவில் இதற்கும் ஒரு குறிப்புத் தேவை. உவர்க் கிணற்றுத் தண்ணீரை 'நாய்க்குத்தானே' என்று வைக்காதீர்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள்.

குசினியிலும் கரையிலும் கிடக்கும் நஞ்சு

சின்ன வெங்காயம் இல்லாமல் நம்முடைய கறி இல்லை. அதுதான் நாய்க்கு நஞ்சு. பச்சையாக இருந்தாலும், தாளித்தாலும், குழம்பில் கரைந்து போயிருந்தாலும் அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கிறது. ஒரு கிலோக் குட்டிக்கு ஒன்றிரண்டு சின்ன வெங்காயமே கெடுதி செய்யப் போதும். உள்ளியும் அப்படித்தான். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து முரசு வெளிறும், சிறுநீர் கடும் நிறமாகும். சோற்றில் 'ரெண்டு கரண்டி குழம்பு' விட்டுக் குழைத்துக் கொடுக்கும் வழக்கத்தை ஊர் நாய் தாங்கியிருக்கலாம். இருபது கிலோ உடம்புக்கும் ஒரு கிலோ உடம்புக்கும் வித்தியாசம் இருக்கிறது.

முந்திரிகைப் பழமும், பாயசத்தில் போடும் பிளம்ஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளிநாட்டுச் சொந்தம் வரும்போது பெட்டி பெட்டியாக இறங்கும் சொக்கிலேற்றும் நஞ்சுதான், கறுப்புச் சொக்கிலேற் இன்னும் மோசம். அவித்த கோழி எலும்பு ஊசியாக உடையும். காய்ச்சல் என்று பனடோல் உடைத்துக் கொடுப்போர் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

மீனவர் ஊரில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வலையில் வரும் பேத்தையைக் கரையிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது, மனிதரையே கொல்லும். கரைப்பக்கம் கூட்டிப் போனால் குட்டியைக் கயிற்றில் வைத்திருங்கள். தூண்டில் முள்ளும் தங்கூசி நூலும் அங்கேதான் கிடக்கும். கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் நெஞ்சைச் சுற்றிய வாரில் கட்டுவது நல்லது, பொமேரியனின் மூச்சுக்குழாய் மெலிந்தது.

எப்போது போகும், எங்கே போகும்

வயிற்றில் சாப்பாடு விழுந்தவுடன் குடல் அசையத் தொடங்கும். மனிதக் குழந்தைக்கும் இதேதான். சாப்பிட்டு ஐந்து முதல் இருபது நிமிடத்துக்குள், நித்திரையால் எழும்பியவுடன், ஓடி விளையாடி முடிந்தவுடன். இந்த மூன்று நேரமும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மாதக் குட்டி பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதன் எல்லை, அதுவும் மேல் எல்லை.

தூக்கிக்கொண்டு போங்கள். நடத்திக் கூட்டிப் போனால் வாசற்படியிலேயே இருந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே வாசல், அதே சொல். 'போயிட்டு வா' என்றோ வேறு எதுவோ, வீட்டில் எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டும். முடித்த அந்த நொடியில் தடவிக் கொடுத்து, நகமளவு அவித்த கோழித்துண்டு கொடுங்கள். உள்ளே வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது விளங்கிக்கொள்ளும்.

நிலத்தை மணந்துகொண்டு வட்டமடிக்கத் தொடங்கினால் அது அறிவிப்பு. அதைக் கவனிக்க ஆள் இல்லாத நேரத்தில் குட்டியை வீடு முழுக்க ஓட விடக்கூடாது. எழும்பி நிற்கவும் திரும்பிப் படுக்கவும் மட்டும் இடமுள்ள ஒரு கூட்டில் படுக்கை போட்டு விடலாம். படுக்கும் இடத்தை நாய் தானாக அசுத்தப்படுத்தாது. கூடு பெரிதானால் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிவிடும். ரெஜிபோம் மீன்பெட்டியைக் கூடாக்க வேண்டாம், கடித்து விழுங்கிவிடும்.

வீட்டுக்குள் போய்விட்டதா? மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பதும் பேப்பரைச் சுருட்டி அடிப்பதும் நம்மிடையே நெடுநாளாக உள்ள முட்டாள்தனம். அரை மணி நேரத்துக்கு முன் நடந்ததற்கு இப்போது விழும் அடி என்று குட்டிக்குத் தெரியாது. உங்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அது படிக்கும், அடுத்த முறை அலுமாரிக்குப் பின்னால் போகும். நானும் ஒரு காலத்தில் இதைச் செய்தவன்தான். அலுமாரியை நகர்த்திப் பார்த்த நாளில்தான் எனக்குப் புத்தி வந்தது.

துடைக்கும்போது வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். பழைய மணம் மிஞ்சினால் அதே இடத்துக்குத் திரும்பவும் வரும். கடும் பினாயில் ஊற்றிக் கழுவிய நிலத்தில் நடந்துவிட்டுக் காலை நக்கும் குட்டிக்கு அது நஞ்சு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பழக்கம் எல்லாம் குலையும். வளவில் தண்ணீர் நிற்கும், இந்தச் சின்னக் கால்கள் ஈரத்தில் இறங்காது. தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு பழைய தட்டத்தில் மணல் பரப்பி, மேலே நேற்றைய உதயன் பேப்பரைப் போட்டு, முன்பு நனைந்த ஒரு துண்டையும் வையுங்கள். மணத்தைப் பிடித்துக்கொண்டு வரும். மழை விட்டதும் தட்டத்தை நாளுக்குக் கொஞ்சமாக வளவுப் பக்கம் நகர்த்துங்கள்.

கிணறு, மணல், வெறுங்கால்

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் தீவுக்காரர் கூடக் கவனிக்க வேண்டும். நம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். உவர்நீருக்கு மேலே நன்னீர் ஒரு மெல்லிய படையாக நிற்கிறது. மேலே விழுவது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். கிணற்றடியில் தண்ணீர் சிந்துவதால் குட்டிக்கு அந்த ஈர மண் பிடிக்கும். விடாதீர்கள். வளவில் கிணற்றுக்கு மிகத் தூரமான மூலைதான் அதன் இடம்.

குட்டிகள் தாயிடமிருந்தே புழுவோடு வருகின்றன. வட்டப்புழுவின் முட்டை கழிவோடு விழுந்த அன்று ஆபத்தில்லை. இரண்டு முதல் நாலு கிழமை மண்ணில் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். கொக்கிப்புழு இன்னும் விரைவு. சூடான ஈர மணலில் ஒரு கிழமைக்குள் நுண்புழுவாகி, வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் தோலைத் துளைத்து நுழையும். தோலில் சிவந்த கோடாக நெளிந்து ஓடும் கடி அதனால்தான். அன்றன்று அள்ளிக் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் எட்டத்தில் ஆழப் புதைத்தால் இந்த இரண்டும் நின்றுவிடும். ஒரு மண்வெட்டி போதும், மருந்து தேவையில்லை. குட்டிக்கு மட்டும் மருந்து வேண்டும். இரண்டு கிழமை வயதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. கொக்கிப்புழு குடிக்கும் இரத்தம் சின்ன உடம்புக்கு உயிர்க்கணக்கு.

இனி எலி. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். எலியின் சிறுநீரிலிருந்து அது நாய்க்கும் தொற்றும், நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் தொற்றும். கோப்பையைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடச் சொன்னது இதற்காகவும்தான். வீட்டுக்குள் போன சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள், கையில் காயம் இருந்தால் இன்னும் கவனம்.

ஊசி

ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாக, பதினாறு கிழமை வரை பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் போட வேண்டும். பார்வோக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஊசிகள் முடியும் வரை உங்கள் வளவுக்குள்ளேயே பழக்குங்கள், ஒழுங்கையில் இறக்க வேண்டாம்.

விசர்நாய்த் தடுப்பூசி வேறு. 'வீட்டை விட்டு இறங்காத நாய்க்கு எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு வேலிக்கண்டைக் காட்டுங்கள். அதன் வழியாகத் தெருநாய் மூக்கை நீட்டினால் போதும். வைத்தியர் சொல்லும் வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். அரச தடுப்பூசி நடமாட்டச் சேவை வரும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்வார், அதற்குக் காசு இல்லை. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது, பிரதேச சபையில் பதிவதும் கடமைதான். விளையாட்டில் குட்டி பல் பதித்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, வாங்கப் போகும்போது ஒரு கேள்வி. எப்போது பிறந்தது? சின்னது வடிவு என்று நாலு ஐந்து கிழமையிலேயே தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். பசி தாங்காமல் துவண்டு விழுவதும், கழிவிடம் பழகாமல் தடுமாறுவதும் பெரும்பாலும் அந்தக் குட்டிகள்தான். எட்டுக் கிழமை ஆகவில்லை என்றால் முற்பணத்தைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வெறுங்கையோடு பாலத்தைக் கடந்து வாருங்கள்.