ஒலிநாடாப் பெட்டியைத் திறந்து பாருங்கள்



உங்கள் இல்லத்துப் பரணிலோ அலமாரியின் அடித்தட்டிலோ பழைய ஒலிநாடாக்கள் அடங்கிய பெட்டி ஒன்று இன்னும் இருக்கக்கூடும். அவற்றுள் சிலவற்றின் உறையிலேனும் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் திருமுகம் இருக்கும். பழைய பொருள்களை எடைக்குப் போடும் முன் சற்று நில்லுங்கள். அந்தப் பெட்டியைப் பற்றி உங்களிடம் சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

1925இல் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் காலமான அப்பெருந்தகையின் குரலை இளமை முதல் கேட்டு வளர்ந்தவன் நான். மீலாது விழா மேடையிலும் கேட்டிருக்கிறேன். நிக்காஹ் வீட்டுப் பந்தலிலும் கேட்டிருக்கிறேன். இசைத்தட்டில் கேட்டதற்கும் மேடையில் கேட்டதற்கும் இருந்த வேறுபாடு பெரிது. பழைய 78 சுற்று அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். எனவே எப்பாடலும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கியாக வேண்டும். மேடையிலோ அவருக்கு எந்தக் கடிகாரமும் கிடையாது. தொகையறாவை எடுத்தால் சொல் சொல்லாக ஏற்றி, வலக்கையை உயர்த்தி, உச்சத்தில் நிறுத்துவார். கூட்டம் மூச்சடக்கி நிற்கும். அதன் பின்னரே தபேலா சேரும். "பாய், இன்னொரு முறை!" என்று மூலையிலிருந்து ஒரு குரல் எழும். அதே அடியை வேறொரு வகையில் வளைத்துப் பாடுவார். இவையெல்லாம் எந்த இசைத்தட்டில் இருக்கின்றன?

திரைப்படங்களிலும் அவர் பாடினார். 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடிய பெருநாள் பாடலை அறியாதார் இல்லை. 1992இல் 'செம்பருத்தி' படத்தில் இளையராஜாவின் இசையிலும் அவர் குரல் ஒலித்தது. அவை இனியவையே. எனினும், திரையில் கேட்ட ஹனீபா எனக்கு முழு ஹனீபா அல்லர். வாத்தியக் குழுவின் அளவுக்குள் அடங்கி நடக்கும் குரல் அன்று அது.

இசைக்கருவிகள் குறித்து நம் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்துவைக்கும் தகுதி எனக்கில்லை; தஃப் அளவோடு நிறுத்திக்கொள்வோரையும் மதிக்கிறேன். நான் சொல்ல வருவது சொற்களைப் பற்றியது. அரபுத்தமிழ் ஏடுகளிலிருந்து முனாஜாத்தும் தாலாட்டும் ஓதிய தாய்மார்களின் வழிமுறை மெல்ல மறைந்துவந்த காலத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றையும் சஹாபாக்களின் தியாகத்தையும் அடுப்படி வரை கொண்டு சேர்த்தவை இப்பாடல்களே. கச்சேரி நடக்கும் தெருவில் மாடித் தட்டிக்குப் பின்னே அமர்ந்து கேட்ட பெண்கள், மறுநாள் கிணற்றடியில் அவற்றைப் பிழையின்றிப் பாடியதை நான் கேட்டிருக்கிறேன்.

அச்சொற்களை எழுதியவர் யார்? 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்றால் "ஹனீபா பாட்டு" என்போம். பிற சமயத்தவரும் விரும்பிக் கேட்கும் பாட்டு என்று பெருமையும் கொள்வோம். அதனை இயற்றியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இவரையொத்த கவிஞர் பலரின் பெயர் ஒலிநாடா உறையின் உட்புறத்தில், பொடி எழுத்தில், ஒரே ஒரு வரியாக மட்டுமே இருக்கிறது. இன்று கைப்பேசியில் உலவும் பிரதிகளில் அந்த வரி பெரும்பாலும் இல்லை. உறை போனால் கவிஞர் பெயரும் போயிற்று. ஏ.ஆர். ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முன்பே, 1989இல், 'தீன் இசை மாலை' என்னும் ஒலிநாடாவுக்கு இசையமைத்தார். அதன் உறையும் உங்களில் எவரேனும் ஒருவர் வீட்டில் தூசி படிந்து கிடக்கலாம்.

ஆகவே, முதலில் உறைகளை விரித்து, இருபுறமும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடாவை அவசரப்பட்டுப் பாட விடாதீர்கள். நாடாவில் வெண்பூசணம் தெரிந்தால் கருவியில் இடவே வேண்டாம். பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவின் பின்னால் சிறு பஞ்சுத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். ஆண்டுகள் பல சென்றபின் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் ஒலி மங்கும். அது நாடாவின் குற்றம் அன்று. உள்ளிருக்கும் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினால் குரல் திரும்பிவிடும். மேல் விளிம்பில் இருக்கும் இரு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய ஒலி அழியாது. நன்றாக ஓடும் கருவியில் ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, அதன் பிறகே கணினியில் பதிவு செய்யுங்கள்.

கடையில் வாங்கிய நாடாக்களைவிட, "நிக்காஹ் கச்சேரி" என்று பென்சிலால் எழுதிய நாடா ஏதேனும் கிடைத்தால் அதனையே முதலில் எடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வீட்டுப் பந்தல் என்று குறியுங்கள். பாட்டுக்கு நடுவே "பாய், அதைப் பாடுங்கள்" என்று கேட்கும் குரல் யாருடையது என்பதையும், சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.