சொந்த முகவரி – 9: மழை பெய்த மறுநாள் காலை

டொமைன் வாங்கியாயிற்று, வேர்ட்பிரஸ் போட்டாயிற்று. அடுத்து எல்லோரும் கேட்பது, "என்னத்தைப் பத்தி எழுதறது?" சினிமா விமர்சனம், பங்குச்சந்தை, சமையல் என்று ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிக் குவித்ததையே முதலில் தேடிப் போகிறோம். வடசென்னைக் கொடுங்கையூரில் இருக்கும் ஒருவர் வலைத்தளம் தொடங்கினால் கொடுங்கையூரைத்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இப்படித் தன் ஊரையே எழுதியவருக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறார்: ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான். வானிலைத் துறை ஊழியர் அல்ல. மழைமேல் உள்ள பைத்தியத்தால் எழுத வந்தவர். சென்னை மழை ஆர்வலர்கள் கூடிய வலைப்பூவில் எழுதிப் பழகி, 2015 சென்னை வெள்ளத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே சமூக ஊடகத்தில் தனிப் பக்கம் தொடங்கிவிட்டார். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோதும் ஊரே அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தது. அந்த இரண்டு நிகழ்வுகளில் வந்த புகழ் என்று பலர் நினைக்கிறார்கள். யாரும் பார்க்காத காலத்திலும் ஒவ்வொரு மழைக்கும் எழுதிவைத்திருந்ததால்தான் பார்க்க வந்தவர்கள் நம்பினார்கள்.

விடிய விடிய மழை அடித்த மறுநாள் காலையில் அவர் போடும் பட்டியலைப் பாருங்கள். ஊர்ப் பெயர், எதிரே மில்லிமீட்டர். எண்ணூர், மணலி, மாதவரம் என்று அளவு வாரியாக இறங்கும். காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்தைத்தான் வானிலைத் துறை ஒரு மழை நாளாகக் கணக்கிடுகிறது. அவர் பட்டியலிலும் அதே கணக்கு, எப்போதும் அதே வடிவம். அதில் தன் ஏரியா பெயரைத் தேடுபவர்தான் அவருடைய நிரந்தர வாசகர். இன்னொன்று, பயப்பட வேண்டாத நேரத்தில் பயப்பட வேண்டாம் என்று துணிந்து சொல்வார். வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடும் ராத்திரியில் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பது தாழ்வான தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

சமூக ஊடகத்திலேயே வளர முடியும்போது சொந்தத் தளம் எதற்கு? நியாயமான கேள்வி. ஆனால் அடுத்தவர் இடம் எப்போது வேண்டுமானாலும் மூடப்படும். ஜியோசிட்டீஸ் 2009இல் போனது; கூகுள் பிளஸ் 2019இல் போனது; டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் ஒரே இரவில் தடையானது. எத்தனையோ பேரின் உழைப்பு அவற்றோடு போயிற்று. மூடாவிட்டாலும், மூன்று வருஷம் முன்பு போட்ட பதிவைத் தேதி சொல்லித் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையைத் தன் இணையதளத்தில் நாளுக்கொரு அத்தியாயமாக வெளியிட்டார். இன்றைக்கும் எந்த நாளின் அத்தியாயத்தையும் போய்ப் படிக்கலாம். சொந்த முகவரி இருந்ததால்தான் இது முடிந்தது.

கொடுங்கையூருக்கு வருவோம். 300 ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைக் கிடங்கு இங்கே இருக்கிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் வேண்டாம் என்று 2025இல் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலியாக நின்றன. இப்படிப்பட்ட விவாதத்தில் அதிகாரிகளிடம் அறிக்கை இருக்கும், நிறுவனங்களிடம் வரைபடம் இருக்கும். கொடுங்கையூர் எழில் நகரில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது? "அடிக்கடி புகை வருது சார்" என்ற வாய்ச்சொல் மட்டும்தான். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எந்தத் தெருவரை நெடி வந்தது என்று ஒருவர் ஒரு வருஷம் எழுதி வைத்திருந்தால் அது யாராலும் தட்டிக்கழிக்க முடியாத பதிவு. இதற்குப் பட்டம் தேவையில்லை. வீட்டு வாசலில் நிற்பவர்தான் தேவை. வடசென்னைக்கு இப்படி ஒரு தளம் இருந்தாக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எழுதும்போது தலைப்பில் ஜாலம் வேண்டாம். ‘வானம் அழுத இரவு’ என்று வைத்தால் கூகுளில் யாரும் தேடி வரமாட்டார்கள். ‘முத்தமிழ் நகரில் தண்ணீர் எங்கெல்லாம் நிற்கிறது’ என்று வையுங்கள், மழை நாளில் அலுவலகத்திலிருந்து வீடு திரும்ப நினைப்பவர் தட்டிப் பார்ப்பது அதைத்தான். தெருப் பெயர், மாதம், வருஷம் மூன்றும் தலைப்பிலோ முதல் வரியிலோ வந்துவிடட்டும். படம் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். நாளிதழ்ப் படத்தை எடுத்துப் போடவே போடாதீர்கள். தவறு நேர்ந்தால் பதிவை அழிக்காமல், திருத்திய தேதியைக் கீழே குறியுங்கள்.

எங்கே தொடங்குவது என்று குழம்புகிறவர்கள் மழையிலேயே தொடங்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு பாத்திரத்தை, சுவரும் மரமும் மறைக்காத மொட்டை மாடியில் காற்றில் சாயாதபடி வையுங்கள். காலை 8.30க்கு ஸ்கேலை விட்டு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்துவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்து மறுபடி வையுங்கள். 64.5 மி.மீ. தொட்டால் அது வானிலைத் துறைக் கணக்கில் கனமழை. தேதி, அளவு, தெருவில் தண்ணீர் கணுக்காலா முழங்காலா, எத்தனை மணிக்கு வடிந்தது. முதல் பதிவுக்கு இந்த நான்கு வரி போதும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று போடுங்கள். அந்த நாளையும் விடாதீர்கள்.