ஐம்பது வயது வாடிக்கையாளருக்கு என்ன எடுத்துக் கொடுக்கிறோம்?

மளிகைக் கடையானாலும் சரி, பேன்சி ஸ்டோரானாலும் சரி, கடைக்கு வரும் தாய்மார்களில் ஒரு பிரிவினரை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. கல்லூரி படிக்கும் பெண் வந்தால் புதிதாக இறங்கிய லிப்ஸ்டிக், நகப்பூச்சு என்று பத்துப் பெட்டிகளைத் திறந்து காட்டுகிறோம். கைக்குழந்தையுடன் வந்தால் குழந்தைக்கான சோப்பு, பவுடர் வகைகளை எடுத்து வைக்கிறோம். ஐம்பது வயது அம்மா வந்தால் மட்டும், "வழக்கமானதுதானேம்மா?" என்று கேட்டுவிட்டு, இருபது வருடமாக அவர் வாங்கி வரும் அதே சோப்பையும், அதே பவுடரையும், அதே ஷாம்பூவையும் பையில் போட்டு அனுப்பி விடுகிறோம். இப்போது கூடுதலாக ஒரு பாக்கெட் தலைச்சாயம். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் போடுபவரும், பணம் எடுத்துக் கொடுப்பவரும் பெரும்பாலும் இந்த அம்மாதான். ஆனால் அவருக்கென்று வாங்கும் பொருளில் அவருக்குச் சரியான யோசனை சொல்ல ஆள் இல்லை. மகள் தன் வயதுக்கு ஏற்றதைச் சொல்கிறாள். தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. கடைசியில் கல்லாவுக்கு எதிரே நின்று நம்மிடம்தான் கேட்கிறார்: "தம்பி, முகமெல்லாம் வறண்டு போகுது. ஏதாச்சும் நல்லதா இருக்கா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை. சில அடிப்படை விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்.

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்று விடுகிறது. அதையொட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைகிறது. அதனால் தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் குறைகிறது. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருடங்களில் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுவதாக மருத்துவர்கள் கூறுகிறார்கள். இருபது வயதில் எண்ணெய் வழிந்த முகத்துக்கு ஏற்றதாக இருந்த சோப்பு, இந்த வயதில் இருக்கிற கொஞ்சப் பசையையும் துடைத்து எடுத்து விடும்.

சோப்பில் நாம் கவனிக்க வேண்டியது உறையில் இருக்கும் எழுத்துகளை. குளியல் சோப்பில் உள்ள கொழுப்பு அளவை டி.எஃப்.எம். என்று போட்டிருப்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் கிரேடுக்கு 76 சதவீதம், இரண்டாம் கிரேடுக்கு 70, மூன்றாம் கிரேடுக்கு 60 இருக்க வேண்டும். 'பேத்திங் பார்' என்று அச்சிட்டிருப்பது சட்டப்படி வேறு வகை. அதில் 40 இருந்தாலே போதும். விலை குறைவாக இருக்கிறதே என்று மூன்றாம் கிரேடை எடுத்துக் கொடுப்பதை விட, வறண்ட தோல்காரருக்கு முதல் கிரேடைக் காட்டலாம். அதற்காக முதல் கிரேடு என்றாலே வறட்சி தீர்ந்துவிடும் என்று சொல்லி விற்கவும் கூடாது. எந்தச் சோப்பானாலும் காரத்தன்மை உடையதுதான். கை, கால், முகம் எல்லாவற்றுக்கும் தினமும் நுரை பொங்கத் தேய்க்க வேண்டாம், அக்குள் முதலிய இடங்களுக்கு மட்டும் போதும் என்று சொல்வது சோப்பு விற்பனையைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அதே வாடிக்கையாளர் ஒரு பாட்டில் லோஷன் வாங்குவார். குளித்தவுடன் ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும். காய்ந்த பிறகு பூசிவிட்டு, "உங்க லோஷன் ஒண்ணும் சரியில்லை" என்று திரும்பி வருபவர்கள் உண்டு. லோஷன் வாங்க வசதி இல்லாதவர்களுக்குத் தேங்காய் எண்ணெயே போதும்.

பவுடர் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் தெரிந்ததே. முகம் கழுவியதும் கை நிறையக் கொட்டிப் பூசுவார்கள். சுருக்கம் விழுந்த முகத்தில் அது மடிப்புகளில் போய் உட்கார்ந்து வயதை இன்னும் கூட்டிக் காட்டும். முதலில் கொஞ்சம் கிரீம், அது தோலில் ஊறிய பிறகு மெல்லிய பஞ்சால் லேசாகப் பவுடர் என்று சொன்னால் புரிந்து கொள்வார்கள். மினுமினுக்கும் வகையை விட மினுக்கில்லாத வகை பொருந்தும். லிப்ஸ்டிக் கேட்டால் உதட்டை உலர்த்தும் வகைகளைத் தவிர்த்துப் பசையுள்ளதை எடுத்துக் காட்டலாம். இந்த வயதில் என்ன லிப்ஸ்டிக் என்ற நினைப்பு நம் முகத்தில் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

ஸ்டிக்கர் பொட்டு பற்றியும் ஒரு வார்த்தை. சில பொட்டுகளின் பசையில் உள்ள ரசாயனம் ஒத்துக் கொள்ளாமல், வைக்கும் இடத்தில் முதலில் அரிப்பும் பிறகு வெள்ளைத் தழும்பும் வருவதை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். நெற்றியில் அப்படி வந்தவர் அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டாகக் கேட்பார். அப்போது பெரிய பொட்டை எடுத்துக் கொடுக்காமல், பொட்டையே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

மங்குக்குக் கேட்டால்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த விஷயம்தான். நாற்பதைத் தாண்டிய பெண்களில் பலருக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்புத் திட்டு விழுகிறது. மங்கு என்று சொல்கிறோம். உடம்பின் சுரப்பு மாற்றமும் வெயிலும் இதற்குக் காரணங்கள். வந்தால் எளிதில் போவதில்லை. ஆகவே "மங்கு போக என்ன இருக்கு?" என்பது நம் கடைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி.

நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், நேர்மையானவர், இருபது வருட அனுபவம் உள்ளவர். வேனில் சரக்கு கொண்டு வரும் ஒருவர் அவரிடம் சிறு ட்யூப் ஒன்றை அறிமுகப்படுத்தினார். இரண்டு டஜன் எடுத்தால் நாலு இலவசம். பில் கிடையாது. முதலில் வாங்கிய அம்மாளுக்கு ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அவர் சொல்லி அக்கம்பக்கத்தார், சம்பந்தி வீட்டார் எல்லோரும் கேட்டு வந்தார்கள். இப்படி ஓடும் சரக்கை யார் வேண்டாம் என்பார்கள்? ஆறு மாதம் கழித்து அதே அம்மாள் வந்தார். முகம் சிவந்து, தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்தன. கன்னத்தில் பூனை முடி வளர்ந்திருந்தது. பூசுவதை நிறுத்தினால் எரிச்சல் தாங்கவில்லை. மங்கும் முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்துவிட்டது. தோல் டாக்டர் ட்யூப்பைப் பார்த்துவிட்டு, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. ட்யூப்பை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்த ட்யூப்களைத் திருப்பி எடுத்துக் கொள்ளும்படி வேன்காரரிடம் கேட்டபோது, பில் எங்கே என்று கேட்டாராம். அந்த அம்மாள் இன்றும் அந்தக் கடைக்கு வருகிறார். பருப்பு, எண்ணெய் வாங்குகிறார். முகத்துக்கு மட்டும் எதுவும் கேட்பதில்லை.

மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டாசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று ட்யூப்பில் இருந்தால் அது அழகுப் பொருள் அல்ல, மருந்து. ஹைட்ரோகுயினோன் என்று இருந்தாலும் அப்படியே. தோலில் பூசும் ஸ்டீராய்டு கிரீம்கள் கட்டுப்பாடின்றி விற்கப்படுவதைத் தடுக்க, 2018-ல் மத்திய அரசு விதிகளைக் கடுமையாக்கியது. மருந்து உரிமம் இல்லாத கடை இவற்றை விற்கவே முடியாது. உரிமம் உள்ள மருந்துக் கடையும் டாக்டர் சீட்டு பார்த்துத்தான் தர வேண்டும். "கேட்டார்கள், கொடுத்தேன்" என்பது சட்டத்தின் முன் நிற்காது.

ஸ்டீராய்டை விடக் கொடியது பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம். அழகுப் பொருள்களில் பாதரசத்தைச் சேர்க்க நம் சட்டம் அனுமதிப்பதில்லை. கண் மை முதலியன தவிர மற்றவற்றில், தவறிக் கலந்தால் கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள் சொல்கின்றன. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோயுடன் வந்தவர்கள் பலர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டார்கள். அதே ஆண்டில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்திச் சரக்கைப் பறிமுதல் செய்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்துக்குப் போகும் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்?

கொள்முதலின்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், பேட்ச் எண், உற்பத்தி உரிம எண், எந்தத் தேதி வரை உபயோகிக்கலாம் என்பது, கலந்துள்ள பொருள்களின் பட்டியல். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கு எவ்வளவு லாபம் தந்தாலும் நம் கடைக்கு வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரித்தவர் யார் என்று காட்ட முடியாத பொருளால் வாடிக்கையாளருக்குத் தீங்கு ஏற்பட்டால், விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம். பில் இல்லாத சரக்கில் மிச்சமாகும் சில ரூபாய் எங்கே கொண்டு போய் விடும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, மங்குக்கு என்னதான் கொடுப்பது? வெயில் தடுப்புக் கிரீம், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாதது. அது மங்கைப் போக்கும் என்று சொல்லக் கூடாது, கூடாமல் தடுக்கும் என்று சொல்லலாம். பூ விற்பவர், வயலுக்குப் போகிறவர், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் ஆகியோருக்கு அது கல்லூரிப் பெண்ணை விட அதிகம் தேவை. பெரிய ட்யூப்பை வாங்கத் தயங்குவார்கள். சிறிய அளவை இருப்பு வைத்தால் நகரும். கூடவே ஒரு குடையும் விற்கலாம்.

தலைமுடி

இந்த வயதில் முடி மெலிகிறது, வறள்கிறது, வகிடு அகலமாகிறது. தினமும் ஷாம்பூ வேண்டாம். வெறும் சீயக்காய் தேய்த்தாலும் வறட்சி கூடும். முன்னதாக எண்ணெய் வைப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்றும் 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பாட்டி சொன்னதை ஆய்வுக்கூடம் ஒப்புக் கொண்ட சந்தர்ப்பங்களில் இது ஒன்று. பெரிய பல் சீப்பு ஒன்றையும் கூடவே காட்டலாம். கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது என்றால் தைலத்தை எடுத்துக் கொடுக்காமல், ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளச் சொல்ல வேண்டும். புது ஷாம்பூ ஒத்துக் கொள்ளுமா என்று சந்தேகப்படுபவருக்குப் பாட்டிலைத் தள்ளாமல் இரண்டு சாஷே கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். சாஷே வியாபாரத்தை நாட்டுக்குக் காட்டியவர்கள் நம் கடலூர்க்காரர்கள் அல்லவா!

தலைச்சாயத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு இது ஒத்துக் கொள்ளாமல் தலை அரித்து, கண் இமையும் முகமும் வீங்கி விடும். "பத்து வருஷமாப் போடறேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவருக்கும் பதினோராவது வருடம் வரலாம். ஒரு முறை வந்தால் பிறகு எப்போது போட்டாலும் வரும். ஆகவே இத்தகைய சாயப் பெட்டியில், முதலில் தோலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. காதுக்குப் பின்னால் சிறிது தடவி ஒன்றிரண்டு நாள் பார்க்கச் சொல்ல வேண்டும். நாளைக் காலை முகூர்த்தம் என்று இரவு எட்டு மணிக்குப் புது வகைச் சாயம் கேட்டு வருபவருக்குப் பழகிய வகையையே கொடுப்பது நல்லது.

'கறுப்பு மருதாணி' என்ற பெயரைப் பார்த்து இயற்கைப் பொருள் என்று நாமும் ஏமாறக் கூடாது. மருதாணி தரும் நிறம் செம்பழுப்பு. கறுப்பாக வருகிறதென்றால் அவுரி கலந்திருக்க வேண்டும், அல்லது பி.பி.டி. இருக்க வேண்டும். அவுரி திண்டிவனம் பக்கத்தில் விளைகிற பொருள்தான். மருதாணிக்குப் பின் அவுரிப் பொடி போட்டால் கறுப்பு வரும். நேரம் பிடிக்கும் வேலை. இதற்கு ஆள் இருக்கிறது என்று நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நரையை அப்படியே விட்டுவிட விரும்பும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சாயத்தை வற்புறுத்தாமல் நல்ல எண்ணெயும் சீப்பும் விற்றால் போதும்.

வரி பற்றி: 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய், ஷாம்பூ, குளியல் சோப்பு, முகப்பவுடர் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. முகக் கிரீமும் தலைச்சாயமும் அந்தக் குறைப்பில் வரவில்லை. பில் போடும் பையனுக்கு இந்த வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துக் கொள்வது நல்லது.

இன்னொன்று. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். எச்சரிக்கையும் காலாவதித் தேதியும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கின்றன. கல்லாப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், மேலே சொன்ன அந்தக் கடைக்காரர். சரக்கு எடுக்கும்போது முதலில் அதை உபயோகிப்பது அவர்தானாம்.